ஸ்கீ, ஸ்னோபோர்டு அடியிலுள்ள வரிகள்: எந்தப் பனிக்கு எது? குமரி மாவட்டத்தாருக்கான கேள்வி பதில்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து குல்மார்க், ஆலி, சோலாங் என்று பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கும், வெளிநாட்டில் வேலை பார்த்தபோது ஸ்கீ வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் இந்தப் பக்கம். ஸ்கீயின் நீளம், பூட்ஸ், அதை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. பனியைத் தொடுகிற அடிப்பரப்பைப் பற்றிக் கேட்டால்தான் ஆளில்லை. வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் கணக்கு.

புது ஸ்கீயின் அடியில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. கீறல் விழுந்த சரக்கைத் தள்ளிவிட்டார்களா?

இல்லை. தொழிற்சாலையில் சுழலும் கல்லில் கொடுத்து வேண்டுமென்றே போட்ட வரிகள் அவை. கல்லின் மேல் வைர முனை ஒன்றை ஓட்டி அதில் கோலம் செதுக்குவார்கள். அந்தக் கோலம் ஸ்கீயின் அடியில் பதியும். கடைக்காரர்கள் இதை ஸ்ட்ரக்சர் என்பார்கள். ஸ்கீயைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். வரிகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், அடி முழுக்க ஓடினால் அது வேலைப்பாடு. ஒன்றிரண்டு மட்டும் கோணலாக, நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமாக இருந்தால் அது கீறல். அந்த வரிகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடாதீர்கள்.

கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால்தானே வேகம் வரும்?

பலரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஸ்கீ ஓடும்போது உராய்வின் சூட்டில் பனித்துகள்களின் முனை உருகி, அடியில் மிக மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும். ஸ்கீ வழுக்குவது பெரும்பாலும் அந்தப் படலத்தின் மேல்தான். தண்ணீர் போதாவிட்டால் பனிப்படிகத்தின் கூர்முனைகள் நேராக பிளாஸ்டிக்கில் உரசும். தண்ணீர் மிஞ்சினால் அடியைப் பிடித்து உறிஞ்சும். நனைந்த சிமெண்ட் தரையில் விழுந்த வாழையிலையை வழித்து எடுக்கப் பார்த்தவருக்கு அந்தப் பிடிப்பு தெரியும். வழுவழுப்பான அடியும் ஈரப்பனியும் சேர்ந்தால் அதே கதை.

வரிகள் இரண்டு வேலை செய்கின்றன. மிஞ்சிய தண்ணீர் போக வழி விடுகின்றன. பனியைத் தொடும் பரப்பையும் குறைக்கின்றன. ஆனால் கடுங்குளிரில் தண்ணீர் கொஞ்சம்தான் உண்டாகும், படிகமோ கூர்மையாக இருக்கும். அப்போது பருத்த வரி இருந்தால் அந்தக் கூர்முனைகள் பள்ளத்தின் விளிம்பில் மாட்டி இழுக்கும். அதனால்தான் எல்லாப் பனிக்கும் ஒரே வரி போதாது.

சரி, எந்த வெப்பநிலைக்கு எந்த வரி?

பனியின் வெப்பநிலை மைனஸ் 10-க்குக் கீழே என்றால் மெல்லிய வரி, ஆழம் குறைவாக. மைனஸ் 10 முதல் மைனஸ் 2 வரை நடுத்தரம். அதற்கு மேல், பனி ஈரமாகிச் சொதசொதவென்று ஆகும்போது பருத்த வரி, ஆழமும் இடைவெளியும் கூடுதலாக. அடியில் பதிக்கும் கைக்கருவிகளின் உருளைகளை மி.மீ. கணக்கில் விற்பார்கள். 0.25, 0.3 என்பவை மெல்லியவை, 0.5, 0.75 நடுத்தரம், 1 மி.மீ.க்கு மேல் ஈரப்பனிக்கு. 2, 3 மி.மீ. தண்ணீர் கசியும் பனிக்கு.

வெப்பநிலையோடு பனியின் வயதையும் பார்க்க வேண்டும். நேற்று இரவு விழுந்த புதுப்பனியின் படிகங்கள் கூர்மையானவை. அதே வெப்பநிலையில் பழம்பனிக்கு வேண்டியதைவிட ஒரு படி மெல்லிய வரி அதற்குப் போதும். பல நாள் உருகி உறைந்து சர்க்கரைப் பரல் போலாகிவிட்ட பழம்பனிக்கு ஒரு படி பருத்தது. இயந்திரம் தெளித்த செயற்கைப் பனி, குளிரில் இறுகிக் கிடக்கும்போது அடியை அரத்தால் ராவுவதுபோல் தேய்க்கும். மெல்லிய வரியும், அடியில் உருக்கிப் பூசும் மெழுகான வாக்ஸில் கடினமானதும் வேண்டும். ஈரமாகிவிட்டால் அதற்கும் பருத்ததே.

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஜோடியோடு போகிறவருக்கு எங்கள் யோசனை நேரானது: நடுத்தர வரி ஒன்றைப் போட்டு, அதைச் சுத்தமாக வைத்திருங்கள். வாக்ஸ் அடைத்துக் கிடக்கும் பொருத்தமான வரியைவிட, நன்றாகப் பிரஷ் போட்ட நடுத்தர வரி வேகமாக ஓடும்.

பனியின் வெப்பநிலையை எப்படி அளப்பது? போனில் வரும் வானிலை போதாதா?

போனில் வருவது காற்றின் வெப்பநிலை. வெயிலும் காற்றும் பனியை வேறு மாதிரி மாற்றும். குச்சி வடிவத் தெர்மாமீட்டர் ஒன்றை நிழலில், மேற்பரப்பிலிருந்து 1, 2 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்துச் செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். வெயிலில் வைத்தால் கருவியே சூடாகிப் பொய் சொல்லும்.

பனி பூஜ்யத்துக்கு மேல் போகாது. காற்று 2 டிகிரி என்றாலும் 10 டிகிரி என்றாலும் பனி பூஜ்யத்திலேயே நிற்கும், ஈரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அங்கே தெர்மாமீட்டர் உதவாது, கைதான் உதவும். கையுறையோடு ஒரு பிடி பனியை அள்ளி இறுக்குங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உலர்பனி, மெல்லிய வரி. உருண்டை நின்றால் ஈரம் தொடங்கிவிட்டது, நடுத்தரம். இறுக்கும்போது கையுறை நனைந்து தண்ணீர் சொட்டினால் பருத்த வரி.

குல்மார்க்கில் மேலே ஒரு பனி, கீழே ஒரு பனி. எதற்குப் பொருத்துவது?

குல்மார்க் அடிவாரம் சுமார் 2,650 மீட்டர். கொண்டோலா என்னும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஏறக்குறைய 6.5 டிகிரி குளிரும் என்ற சராசரிக் கணக்கில், மேலுக்கும் கீழுக்கும் 8 டிகிரி வித்தியாசம் வரும். மேலே உலர்ந்த பொடிப்பனி கிடக்கும் அதே பகலில் கீழே உருண்டை பிடிக்கும் பனி இருக்கலாம்.

கீழுள்ள பனிக்கே பொருத்துங்கள். மேலே சரிவு செங்குத்து; அடி கொஞ்சம் இழுத்தாலும் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். கீழே தரை சமமாகும் இடத்தில்தான் வேகம் செத்து, கம்பை ஊன்றித் தள்ள வேண்டிவரும். ஸ்னோபோர்டுக்காரருக்குக் கம்பும் கிடையாது. ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஜனவரியில் நடுத்தரத்திலிருந்து சற்று மெல்லியது, மார்ச்சில் நடுத்தரத்திலிருந்து சற்றுப் பருத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆலியின் சரிவுகள் ஏறக்குறைய 2,500 முதல் 3,050 மீட்டர் வரை. அங்கும் சோலாங்கிலும் பருவத்தின் கடைசியில் காலையில் இறுகிய பனி, மதியம் சொதசொதப்பு. அப்போது மதியத்துக்குப் பொருத்துங்கள். காலையில் பருத்த வரி கொஞ்சம் இழுத்தாலும் சமாளிக்கலாம். மதியம் மெல்லிய வரி திடீரென்று பிடித்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

துபாயில் வேலை. ஸ்கீ துபாய் உள்ளரங்கத்துக்கு என்ன வரி?

2005-இல் திறந்த அந்த அரங்கத்தில் பனியைப் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே வைத்திருக்கிறார்கள். வெயில் இல்லை, மழை இல்லை. ஆண்டு முழுக்க ஒரே நடுத்தர வரி போதும். ஆனால் அது செயற்கைப் பனி, பலர் ஏறி இறங்கி இறுகியது. ஸ்கீயின் இரு ஓரத்திலும் ஓடும் எஃகு விளிம்பான எட்ஜை ஒட்டி அடி சீக்கிரம் காயும், ஆகவே வாக்ஸ் அடிக்கடி வேண்டும்.

நேர்வரி, குறுக்குவரி, அம்புவரி: இதில் எது நல்லது?

நேர்வரி நுனியிலிருந்து வால்வரை ஓடும். நேராகப் போகும்போது வேகம் அதிகம், பிரஷ் போட எளிது. அதையே மிகப் பருமனாகப் போட்டால் ஸ்கீ தண்டவாளத்தில் ஏறியதுபோல் நேராகவே போகப் பார்க்கும், திருப்பக் கஷ்டம். குறுக்காக வெட்டிக்கொள்ளும் வரியும் விட்டுவிட்டு வரும் வரியும் திரும்புவதற்கு இலகு. அம்புவரி ஈரத்தை ஓரத்துக்குத் தள்ளும். ஆனால் அதற்கு முன்பின் உண்டு. இரு பக்கமாகவும் ஓட்டுகிற ஸ்னோபோர்டுக்கு நேர்வரியோ குறுக்குவரியோ போதும். ஸ்னோபோர்டின் அடி அகலம், ஈரப்பனி பிடிக்கும் பரப்பும் அதிகம். சந்தேகம் வந்தால் அதற்கு ஒரு படி பருத்ததைத் தேர்ந்தெடுங்கள்.

வடிவத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட பருமனைச் சரியாகத் தேர்வதில்தான் பலன் அதிகம்.

கல்லில் கொடுத்து வரி போடும் ஸ்டோன் கிரைண்ட் இயந்திரத்துக்கு இங்கே எங்கே போவது? கையாலேயே வரி போட முடியுமா?

நம் மாவட்டத்தில் அந்த இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். நடுத்தர வரியைப் புதுப்பிக்கும் அளவுக்குக் கையாலேயே செய்யலாம், பெயிண்ட் கடையில் கிடைக்கும் பொருளை வைத்தே.

முதலில் அடி சமமாக இருக்கிறதா பாருங்கள். நேரான ஸ்டீல் ஸ்கேலை அடியின் குறுக்கே நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அடி குழிந்திருக்கிறது. எட்ஜ் பனியில் மாட்டி இழுக்கும். இரு ஓரத்தில் கசிந்தால் நடு புடைத்திருக்கிறது, ஸ்கீ அலைபாயும். இரண்டும் கையால் தீராது, இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும். கோணல் அடியில் எந்த வரி போட்டும் பயனில்லை.

சமமாக இருந்தால் பழைய வாக்ஸைச் சுரண்டி எடுத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். பிறகு சிலிகான் கார்பைடு வாட்டர் பேப்பர்: ஈரப்பனிக்கு 100 அல்லது 120, நடுத்தரத்துக்கு 150, குளிர்பனிக்கு 180 முதல் 220 வரை. எண் கூடக்கூட வரி மெல்லியதாகும். ஸ்கீயின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமான, வளையாத மரக்கட்டையில் பேப்பரை இழுத்துச் சுற்றுங்கள். வெறும் கையால் பிடித்துத் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் குழியும். நுனியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு, நடுவில் நிற்காமல், ஒரே அழுத்தத்தில், ஒரே திசையில். நின்ற இடத்தில் குறுக்குக் கோடு விழுந்துவிடும். ஐந்தாறு இழுப்பு போதும். பேப்பர் அடைத்துக்கொண்டால் இடம் மாற்றிச் சுற்றுங்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் வேகம் கூடாது, குறையும். பேப்பர் வெட்டிய பள்ளங்களின் விளிம்பில் மயிரிழை போல பிளாஸ்டிக் பிசிறுகள் எழுந்து நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடி லேசாக நரைத்தாற்போல் இருக்கும்; புறங்கையால் வருடினால் சொரசொரப்பு தட்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் புதிதாக ஒன்றை, சோப்பும் தண்ணீரும் படாமல், முன்னும் பின்னுமாக இருபது முப்பது முறை ஓட்டுங்கள். அடுத்து வாக்ஸ் போட்டு, சுரண்டி, பிரஷ் போடுங்கள். இதை மூன்று நான்கு சுற்று செய்தால் மீதிப் பிசிறும் வாக்ஸோடு வந்துவிடும்.

அழுத்திப் பதிக்கும் உருளைக் கருவி இருந்தால் அது இன்னும் பத்திரம். அது பிளாஸ்டிக்கை வெட்டாது, அமுக்கும். அடுத்த முறை சூடான வாக்ஸ் போடும்போது அந்த வரி பெரும்பாலும் எழும்பி மறைந்துவிடும். ஒரு நாள் ஈரப்பனிக்காக மட்டும் வரி போட இதைவிட நல்ல வழியில்லை. வாக்ஸ், பிரஷ் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பதியுங்கள்.

வாக்ஸ் போட்டால் வரி அடைந்துவிடாதா?

அடையும். அதை எடுப்பதுதான் வேலையின் பாதி. அடிக்குள் ஊறிய வாக்ஸ் போதும், மேலே நிற்பது எல்லாம் பாரம்.

வாக்ஸ் கட்டியை அயர்ன் பாக்ஸில் தொட்டு, அடிமுழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு நுனியிலிருந்து வாலுக்கு மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓட்டுங்கள். அயர்னுக்குப் பின்னால் 5 முதல் 10 செ.மீ. வரை வாக்ஸ் ஈரமாகப் பளபளத்து, அதற்கப்பால் மங்கி உறைய வேண்டும். அதுதான் சரியான வேகம். பொது வாக்ஸுக்கு 120 டிகிரி சுற்றுவட்டம் போதும், கட்டியின் உறையில் போட்டிருப்பதைப் பாருங்கள். புகை வந்தால் சூடு அதிகம். அடி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். 135 டிகிரி அளவில் உருகத் தொடங்கும். ஒரே இடத்தில் அயர்ன் நின்றால் வரிகள் உருகி மூடிக்கொள்ளும், அந்த இடத்தில் இனி வாக்ஸும் ஊறாது.

வீட்டு அயர்ன் பாக்ஸில் இரண்டு தொல்லை. நீராவித் துளையில் வாக்ஸ் புகும். சூடு ஏறி இறங்கி ஒரு நிலையில் நிற்காது. துளையில்லாத பழைய பாக்ஸ் இருந்தால் அதை ஸ்கீக்கென்றே ஒதுக்கி, குறைந்த சூட்டிலிருந்து தொடங்கி, வாக்ஸ் புகையாமல் உருகும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஆறியபின் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் நுனியிலிருந்து வாலுக்குச் சுரண்டுங்கள். அடுத்து பித்தளை அல்லது வெண்கல பிரஷ் பத்துப் பதினைந்து இழுப்பு. பள்ளங்களிலிருந்து வெள்ளைத் தூள் பறப்பது நிற்கும்வரை. கடைசியாக நைலான் பிரஷ். வெளிச்சத்தில் சாய்த்தால் வரிகள் மறுபடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேலை முடியவில்லை.

நம் ஊர் வெப்பத்தில் ஒரு சிக்கல். 32 டிகிரி அறையில் மென்மையான வாக்ஸ் சரியாக இறுகாது, பிரஷ் போடும்போது இழுவும். ஆகவே ஊரில் வாக்ஸை உருக்கி ஊற்றி, எட்ஜ் மேலும் வழியவிட்டு, சுரண்டாமலே கொண்டுபோங்கள். வழியில் உரசலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் அது காக்கும். மலையில் போய்ச் சுரண்டுங்கள். குளிரில் சுத்தமாக உதிர்ந்து வரும்.

மெழுகுவத்தி, மார்த்தாண்டம் தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய்: இவற்றில் ஏதாவது?

தேன்மெழுகு நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் பிசுபிசுப்பானது. அழுக்கைப் பிடிக்கும், உலர்பனியில் இழுக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து கழன்றுபோகும், அடியில் தூசியைச் சேர்க்கும். வெள்ளை மெழுகுவத்தி பாரஃபின்தான். ஈரப்பனியில் ஒரு நாள் அவசரத்துக்குத் தேய்க்கலாம். குளிர்பனிக்கு அது மிக மென்மை. ஸ்கீ வாக்ஸ் ஒரு கட்டி பல முறைக்கு வரும், அதையே வாங்குங்கள்.

ஃப்ளூரின் கலந்த பழைய ஃப்ளூரோ வாக்ஸ் கைவசம் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். சூட்டில் அதன் புகை நுரையீரலுக்குக் கேடு, பனியோடு போய் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதை முழுக்கத் தடை செய்துவிட்டது.

தவறான வரியோடு இறங்கிவிட்டோம் என்பது எப்படித் தெரியும்?

ஈரப்பனியில் மெல்லிய வரி என்றால், நிழலிலிருந்து வெயில் பட்ட இடத்துக்குள் நுழையும்போது யாரோ பின்னாலிருந்து இழுத்தாற்போல் வெடுக்கென்று நிற்கும். முழங்காலைத் தளர்த்தி, ஒரு காலைச் சற்று முன்னே வைத்து அந்த இடங்களைக் கடக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் அடியைத் துடைத்து, பித்தளை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, ஈரப்பனிக்கான தேய்ப்பு வாக்ஸை மெல்லியதாகப் பூசுங்கள்.

குளிர்பனியில் பருத்த வரி என்றால் திடீர் பிடிப்பு இராது. ஒரே சீராக, மணலில் போவதுபோல் மந்தம். களத்தில் அதற்கு வைத்தியம் குறைவு. இரவில் கடின வாக்ஸ் போட்டு நன்றாகச் சுரண்டி, பிரஷ்ஷைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் பள்ளம் ஓரளவு நிரம்பி மென்மையாகும்.

எட்ஜ் ஓரமாக அடி வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

வாக்ஸ் தீர்ந்து, இறுகிய பனி பிளாஸ்டிக்கைத் தேய்த்த அடையாளம். திரும்பும்போது எடை முழுக்க அந்த ஓரத்தில்தான் விழுகிறது. லேசாக இருந்தால் பச்சை நாரால் தேய்த்து, இரண்டு மூன்று சுற்று வாக்ஸ் ஊற விடுங்கள். அதற்கும் போகாவிட்டால் அந்த இடத்தில் வரியே அழிந்துவிட்டது. கல்லில் கொடுக்க வேண்டும்.

எத்தனை முறை ஸ்டோன் கிரைண்ட் செய்யலாம்?

புது ஸ்கீயின் அடி சாதாரணமாக 1.2 முதல் 1.8 மி.மீ. கனம்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், எட்ஜும் சேர்ந்து தேயும். ஆண்டுக்கு ஒரு வாரம் ஓட்டுகிறவர் பல ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

வாடகைக்கு எடுக்கும் ஸ்கீயில் எதைப் பார்ப்பது?

கடையிலேயே திருப்பிப் பாருங்கள். வெளிச்சத்தில் வரி தெரிகிறதா, எட்ஜ் ஓரம் வெள்ளையாகிவிட்டதா, நகத்தின் பின்பக்கத்தால் குறுக்கே வருடினால் லேசான நெருடல் உண்டா என்று. நகத்தால் சுரண்டும்போது வாக்ஸ் திரண்டு வந்தால் பள்ளம் அடைந்திருக்கிறது. ஸ்க்ரேப்பரும் பிரஷ்ஷும் கேட்டு வாங்கி நீங்களே எடுத்துவிடலாம். பளபளவென்று வரியே இல்லாத ஜோடியை, மார்ச் மாதத்தில் குறிப்பாக, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ரயிலில் கொண்டுபோக எப்படிக் கட்டுவது?

கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வழியாகக் கட்ரா வரை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் உண்டு. அத்தனை தூரமும் இரண்டு ஸ்கீயும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும். அடியோடு அடி சேர்த்து, நுனியிலும் வாலிலும் தொடுகிற இடத்தில் துணி மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் எட்ஜ் மற்றதன் வரியை வெட்டும். பைண்டிங்கிலுள்ள பிரேக் கம்பிகளைத் தூக்கிக் கட்ட, சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வெட்டிய வளையம் போதும்.

கடலோரத்தில் வீடு. ஆண்டு முழுக்க எப்படி வைப்பது?

நம் ஊரில் ஸ்கீக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல் பக்கம் துடைக்காமல் வைத்த எட்ஜில் சில நாளிலேயே செம்புள்ளி விழும். அந்தத் துரு தூளாகி அடியின் வரிகளுக்குள் இறங்கினால் தேய்த்தாலும் எளிதில் போகாது.

பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, முழுக்க உலர்த்தி, மென்மையான வாக்ஸை அடியிலும் எட்ஜிலும் தடிமனாக உருக்கி ஊற்றி, சுரண்டாமல் விடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்துத் துரு இன்னும் வேகமாகும். பருத்தித் துணியில் சுற்றி, கடலைப் பார்க்காத உள்ளறையில், தரையிலும் சுவரிலும் படாமல் படுக்கவையுங்கள். ஓட்டுக்கூரையின் அடியிலுள்ள பரணும் வெயிலில் நிற்கும் காரும் வேண்டாம். வாக்ஸ் உருகி வடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எட்ஜில் வாக்ஸ் விட்டுப்போன இடம் தெரிந்தால், அங்கே கட்டியால் தேய்த்து மூடினால் போதும். துரு விழுந்துவிட்டிருந்தால் துரு அழிக்கும் ரப்பர் கட்டியால் எட்ஜின் நீளவாக்கிலேயே தேயுங்கள், அடிப்பக்கம் படாமல். தூளை வால் பக்கமாகத் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு வாக்ஸ் போடுங்கள்.